பேண்டை விட்டுட்டு வந்த டியூக்: "மணி ஜங்கிள்" பத்தி கொஞ்சம்

அமெரிக்க ஜாஸ் இசைக்காரர் டியூக் எலிங்டன் ரெக்கார்டுல எதை முதல்ல கேக்கணும்னு யாரைக் கேட்டாலும் 1940 வாக்குல அவரோட பெரிய பேண்ட் பண்ண பதிவுகளைச் சொல்வாங்க, இல்லன்னா 1956 நியூபோர்ட் ஜாஸ் விழா கச்சேரியைச் சொல்வாங்க. ரெண்டுமே சரியான பதில்தான். ஆனா எலிங்டன்ங்குற பியானோக்காரரைக் கேக்கணும்னா நான் கைகாட்டுறது "மணி ஜங்கிள்"ங்குற ஆல்பம் மட்டும்தான், அதுல அவரோட பேண்ட் ஆளு ஒருத்தர்கூட கிடையாது, பியானோ பாஸ் டிரம்ஸ் அவ்ளோதான், அரைமணி நேரத்துல முடிஞ்சிரும், ஆனா முடிஞ்சப்புறம் உடனே வேற பாட்டு போட மனசு வராது.

1962 செப்டம்பர் 17, திங்கக்கிழமை, நியூயார்க். ஒரே நாள்ல எல்லாத்தையும் பதிவு பண்ணி முடிச்சிட்டாங்க. எலிங்டனுக்கு அப்ப 63 வயசு. பாஸ் வாசிச்ச சார்லஸ் மிங்கஸுக்கு 40, டிரம்ஸ் வாசிச்ச மேக்ஸ் ரோச்சுக்கு 38. ரெக்கார்டு கம்பெனி யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ், புரொட்யூசர் ஆலன் டக்ளஸ். 1963 ஆரம்பத்துல ரெக்கார்டு கடைக்கு வந்துச்சு.

எலிங்டன் பேண்டை விட்டு வெளிய வந்து வாசிக்குறது ஏன் அவ்ளோ பெரிய விஷயம்னு புரியணும்னா அந்த பேண்ட் அவருக்கு என்னவா இருந்துச்சுன்னு தெரியணும். 1920கள்ல ஆரம்பிச்சு 1974ல சாகுற வரைக்கும் அதை அவரு விடவே இல்ல, பெரிய பேண்டுக்கெல்லாம் மவுசு போயி மத்தவங்க கலைச்சிட்டு வீட்டுக்குப் போன காலத்துலயும் இவரு தன்னோட பாட்டுல வந்த ராயல்டி காசைப் போட்டு ஆளுங்களுக்கு சம்பளம் குடுத்தாரு, ஏன்னா எழுதுனதை மறுநாளே கேட்டுப் பாக்கணும்ங்குறது அவரோட பழக்கம். சாக்ஸஃபோன்காரர் ஹாரி கார்னி 1927ல பேண்டுல சேந்தவரு, எலிங்டன் சாகுற வரைக்கும் கூடவே இருந்தாரு. எலிங்டன் பொதுவா "சாக்ஸஃபோனுக்கு"ன்னு எழுத மாட்டாரு, ஜானி ஹாட்ஜஸுக்கு எழுதுவாரு, கார்னிக்கு எழுதுவாரு, அந்த ஆளோட மூச்சு எப்படி, எந்த இடத்துல சுருதியை இழுப்பாரு, இதெல்லாம் மனசுல வச்சுதான் ஒவ்வொரு வரியும் வரும். அவரோட கூட்டாளி பில்லி ஸ்ட்ரேஹார்ன் சொன்னது ரொம்ப பேருக்குத் தெரிஞ்சிருக்கும், எலிங்டன் வாசிக்குறது பியானோவா இருக்கலாம் ஆனா அவரோட உண்மையான வாத்தியம் அந்த பேண்டுதான்னு. நூத்துக்கு நூறு உண்மை. ஆனா இதோட விளைவு என்னன்னா பியானோவை யாருமே சரியா கவனிக்கல. அவரே கூட கவனிக்க விடலன்னு சொல்லணும், மேடையில ரெண்டு கார்டு (சேந்து ஒலிக்குற ஸ்வரக் கூட்டம்) போட்டு பேண்டை உசுப்பி விட்டுட்டு எழுந்து நின்னு கை காட்டிட்டு இருப்பாரு.

1962ல ஒரு சின்ன மாற்றம். கொலம்பியா ரெக்கார்டு கம்பெனியோட இருந்த ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு, கொஞ்ச நாளு எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாம இருந்தாரு. அந்த இடைவெளியில ஆகஸ்ட் 18 அன்னிக்கு சாக்ஸஃபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸோட ஒரு ரெக்கார்டு, செப்டம்பர் 26 அன்னிக்கு இன்னொரு சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோட ஒண்ணு, நடுவுல இந்த செப்டம்பர் 17. இதுல ஒரு வித்தியாசம் பாருங்க. ஹாக்கின்ஸ் ரெக்கார்டுல ஹாட்ஜஸ், கார்னி, லாரன்ஸ் பிரவுன்னு தன்னோட ஆளுங்களைக் கூட்டிட்டுத்தான் போனாரு, வந்தவரு ஹாக்கின்ஸ்தான். கோல்ட்ரேனோட வாசிக்குறப்பயும் தன்னோட பாஸிஸ்ட் ஆரன் பெல்லையும் டிரம்மர் சாம் உட்யார்டையும் அழைச்சிட்டுப் போயி பாதிப் பாட்டு இவங்க, பாதிப் பாட்டு கோல்ட்ரேன் ஆளுங்கன்னு பிரிச்சுக்கிட்டாங்க. மிங்கஸ், ரோச்சோட உக்காந்த அன்னிக்கு மட்டும்தான் பக்கத்துல தன்னோட ஆளுன்னு ஒருத்தர்கூட இல்ல. நூறு இலை பந்திக்கே சமைச்சுப் பழகுனவரு மூணு பேருக்கு உலை வச்ச மாதிரி ஒரு நிலைமை, அளவு எல்லாமே மாறிப் போயிரும்.

அந்த ரெண்டு பேரும் சும்மா வாடகைக்குப் புடிச்ச ரிதம் செக்‌ஷனும் கிடையாது. மேக்ஸ் ரோச் டீன் ஏஜ் பையனா இருந்தப்ப, எலிங்டனோட டிரம்மர் சானி கிரியருக்கு உடம்பு சரியில்லன்னு அவருக்குப் பதிலா போயி அந்த பேண்டுல வாசிச்சவரு, அப்புறம் சாக்ஸஃபோன்காரர் சார்லி பார்க்கரோட சேந்து டிரம்ஸ் வாசிக்குற முறையையே மாத்துனவங்கள்ல ஒருத்தர். மிங்கஸ் கதை இன்னும் சூடு. சின்ன வயசுலேர்ந்து அவருக்கு எலிங்டன்னா தெய்வம், அவரு எழுதுன இசையில பாதி அந்த பக்தியிலேர்ந்து வந்ததுதான். 1953ல அந்த பேண்டுலயே சேர வாய்ப்பும் கெடச்சுது, ஆனா கொஞ்ச நாள்லயே டிராம்போன்காரர் ஹுவான் டிசோலோட பெரிய சண்டையாகி வெளிய போக வேண்டியதாச்சு. எலிங்டன் ஒரு ஆளை தானே கூப்புட்டு வேலையை விட்டு அனுப்புறதுங்குறது ரொம்ப அபூர்வம், என்ன அட்டகாசம் பண்ணாலும் பொறுத்துக்குவாரு, அப்படிப்பட்டவரு மிங்கஸை அனுப்பிட்டாரு. அதுக்கு ஒன்பது வருஷம் கழிச்சு அவங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல.

மிங்கஸும் ரோச்சும் ஒருத்தருக்கொருத்தர் பழைய கூட்டாளிங்கதான். கம்பெனிக்காரங்க ஏமாத்துறாங்கன்னு 1952ல டெப்யூன்னு சொந்தமா ஒரு லேபிள் ஆரம்பிச்சாங்க, 1953 மே மாசம் டொராண்டோ மாசி ஹால்ல பார்க்கர், டிரம்பெட்காரர் கில்லெஸ்பி, பியானோக்காரர் பட் பவல் இவங்களோட வாசிச்ச கச்சேரி அந்த லேபிள்லதான் வந்துச்சு. 1960ல நியூபோர்ட் விழாக்காரங்க மேல கோவப்பட்டு அதே ஊர்ல போட்டி விழா நடத்துனதும் இவங்கதான். அதே வருஷம் ரோச் கறுப்பின விடுதலைக்காக ஒரு முழு ஆல்பமே போட்டாரு. அதாவது எலிங்டனுக்கு முன்னாடி நின்னது ரெண்டு போராளிங்க, அதுவும் பட் பவலுக்குப் பின்னாடி நின்னு வாசிச்சவங்க. அது எலிங்டனுக்கும் நல்லாத் தெரியும், என்னை ஏழைங்களோட பட் பவல்னு, அதாவது பவலோட மலிவுப் பதிப்புன்னு நெனச்சுக்கங்கன்னு ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே சொல்லி வச்சாருன்னு ரோச் ஒரு பேட்டியில சொல்லிருக்காரு. 63 வயசுல, உலகமே தலைவணங்குற இடத்துல இருக்குறவரு அப்படி சொல்றாரேன்னு எனக்கு அதை நெனச்சாலே மரியாதை கூடுது.

ஒத்திகைன்னு பெருசா எதுவும் இல்ல. ஒரு தாள்ல மெட்டும் கார்டும் மட்டும் எழுதிக் குடுத்துட்டு, மிச்சத்தை வாயால ஒரு படமா சொல்வாராம். "மணி ஜங்கிள்" பாட்டுக்கு அவரு சொன்ன படம், தெருவுல தலையைத் தூக்கிட்டு ஊர்ந்து போற பாம்புங்க, கலைஞர்களைச் சுரண்டுற ஏஜெண்டுங்கதான் அந்த பாம்புங்க, அதை மனசுல வச்சுக்கிட்டு வாசிங்கன்னு. இதுவும் ரோச் சொன்னதுதான். பேண்டுக்கு எழுதுறப்ப ஆளு யாருன்னு பாத்து எழுதுவாருன்னு மேல சொன்னேன்ல, இங்கயும் அதையேதான் பண்றாரு, இந்த ரெண்டு பேரையும் எது கொதிக்க வைக்கும்னு தெரிஞ்சு அந்தப் படத்தைக் கையில குடுத்துட்டாரு.

அந்த முதல் பாட்டைக் கேளுங்க. மிங்கஸ்தான் ஆரம்பிக்குறாரு, பாஸ் கம்பியை மீட்டுறாருன்னு சொல்ல முடியாது, புடிச்சு இழுக்குறாரு, ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அடிச்சு அதை வளைச்சு நெளிச்சு விடாம தொந்தரவு பண்றாரு. ரோச் சிம்பல்ல நேரா ஓடிட்டு இருக்காரு. அதுக்கு மேல எலிங்டன் வந்து ஒண்ணுக்கொண்ணு இடிக்குற ஸ்வரங்களைக் கொத்துக்கொத்தா எடுத்து அடிக்குறாரு. உள்ள இருக்குறது சாதாரண ப்ளூஸ் வடிவம்தான், ஆனா மூணு பேரும் மூணு பக்கம் இழுக்குறதுல அது எந்த நிமிஷமும் கிழிஞ்சிரும்போல இருக்கும், கிழியாது. எனக்கு அந்தப் பாட்டுல புடிச்சதே பெரியவரு ஒதுங்கிப் போகலங்குறதுதான், சின்னப் பசங்க ஆடட்டும்னு விட்டுட்டு பின்னாடி நின்னு அழகா ரெண்டு கார்டு போட்டுருக்கலாம், யாரும் குறை சொல்லிருக்க மாட்டாங்க, ஆனா அவரு நடுவுல எறங்கி சண்டையில கலந்துக்குறாரு.

இந்த இடத்துல சில பேரு சொல்வாங்க, எலிங்டன் இதுல அடுத்த தலைமுறை பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் மாதிரி வாசிக்குறாரே, வயசான காலத்துல மாடர்ன் ஆகிட்டாரேன்னு. அதை நான் ஒத்துக்கவே மாட்டேன். எலிங்டன் ஜேம்ஸ் பி. ஜான்சன், வில்லி "தி லயன்" ஸ்மித் இவங்ககிட்ட ஸ்ட்ரைட்ங்குற பழைய பியானோ பாணியைக் கத்துக்கிட்டு வந்தவரு, இடது கை பெரிய தாவலா தாவுறது, கார்டை மத்தளம் மாதிரி அடிக்குறது, நடுவுல காலியா இடம் விடுறது, இதெல்லாம் அவருகிட்ட முன்னாடியே இருந்துச்சு, மங்க் அதைக் கேட்டு வளந்தவரு, 1955ல எலிங்டன் பாட்டுங்களை வச்சு ஒரு முழு ஆல்பமே போட்டவரு. பேரன் சாயல் தாத்தாகிட்ட இருக்குன்னு சொல்ற கதைதான் இது. சுத்தி பதினஞ்சு பேரு ஊதிக்கிட்டு இருந்தப்ப நமக்குக் கேக்கல, இப்ப கேக்குது.

ரெண்டாவது பாட்டு "ஃப்ளுரெட் ஆஃப்ரிகேன்". முதல் பாட்டுல அந்த ஆட்டம் ஆடுன அதே மூணு பேருதான்னு நம்பவே முடியாது. மனுஷன் காலடியே படாத காட்டுக்குள்ள யார் கண்ணுலயும் படாம பூத்த ஒரு பூன்னு இதுக்கும் எலிங்டன் ஒரு படம் சொல்லிருக்காரு. பியானோவுல ஒரு சின்ன மெட்டு, அவ்ளோதான், அதையே திருப்பித் திருப்பி சொல்றாரு, பெருசா அலங்காரம் எதுவும் கிடையாது. மிங்கஸ் அதுக்குக் கீழ நேரா நடக்காம படபடன்னு துடிக்குற மாதிரி சின்னச் சின்ன வரியா போடுறாரு, ரோச் டிரம்ஸை அடிக்காம தடவிட்டே போறாரு. மூணே முக்கால் நிமிஷம்கூட இல்ல. இந்த ஒரு பாட்டுக்காகவே இந்த ரெக்கார்டை வாங்கலாம்னு சொன்னா அது மிகை இல்ல. நான் இதுல கவனிக்கச் சொல்றது மிங்கஸை, அவரு வாசிக்குறது எதுவுமே அந்தத் தாள்ல இருந்திருக்க முடியாது, கேட்ட கதைக்கு அப்படியே கையில வந்ததுதான்.

"வெரி ஸ்பெஷல்", "விக் வைஸ்" ரெண்டும் நல்ல பாட்டுங்க, அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

"வார்ம் வேலி" 1940ல ஜானி ஹாட்ஜஸுக்காகவே எழுதுனது. அந்த பழைய பதிவுல ஹாட்ஜஸோட ஆல்டோ சாக்ஸஃபோன் தேன் மாதிரி வழியும், அதைக் கேட்டவங்களுக்கு ஹாட்ஜஸ் இல்லாம அந்தப் பாட்டான்னு தோணும். இந்த ரெக்கார்டுல எலிங்டன் ஆரம்பத்துல தனியாவே வாசிக்குறாரு, கொஞ்சம் கழிச்சுத்தான் மத்த ரெண்டு பேரும் உள்ள வர்றாங்க. அங்கதான் எனக்கு விஷயம் வெளங்குச்சு, அவரு ஹாட்ஜஸ் மாதிரி மெட்டைப் பாட விட முயற்சியே பண்ணல, பியானோவால அப்படி இழுக்க முடியாதுன்னு அவருக்குத் தெரியாதா, அதுக்குப் பதிலா பின்னாடி இருந்த பித்தளை வாத்தியங்களோட கார்டு எல்லாத்தையும் கைக்குள்ள கொண்டு வந்துட்டாரு, உள்குரல்கள் ஒவ்வொண்ணும் தனித்தனியா நகருறது கேக்கும். பேண்டை ஸ்டூடியோ வாசல்ல விட்டுட்டு வந்தாலும் அது விரலுக்குள்ள இருக்கு. "சாலிட்யூட்"லயும் இதே கதைதான், 1934லேர்ந்து ஆயிரம் தடவை வாசிச்ச பாட்டு, இங்க புதுசா யோசிக்குற மாதிரி தயங்கித் தயங்கி வாசிக்குறாரு.

அப்புறம் "கேரவன்". இதை எழுதுனது யாருன்னு பாத்தீங்கன்னா அதே ஹுவான் டிசோல்! எந்த ஆளோட சண்டை போட்டு மிங்கஸுக்கு வேலை போச்சோ அந்த ஆளோட மெட்டு. எலிங்டன் வேணும்னே எடுத்தாரான்னெல்லாம் நான் சொல்ல வரல, அவரோட பேண்ட் தெனமும் வாசிச்ச பாட்டுதான் அது. ஆனா மிங்கஸ் அந்தப் பாட்டுல வாசிக்குற வேகத்தைக் கேக்குறப்ப இந்த விஷயத்தை ஒதுக்கி வச்சுட்டு என்னால கேக்க முடியல. ரோச் டாம்-டாம்ல அப்படி ஒரு புழுதி கெளப்புறாரு, எலிங்டன் பியானோவோட அடிப்பக்கத்துல இடி மாதிரி எறக்குறாரு.

இதே "கேரவன்"ஐ 1964ல டவுன் பீட்ங்குற ஜாஸ் பத்திரிகையில டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸுக்குப் போட்டுக் காட்டுனாங்க, கேட்டுட்டு கருத்து சொல்ற பகுதி. அவரு கொந்தளிச்சிட்டாரு. மிங்கஸும் மேக்ஸும் சேந்து வாசிக்கட்டும், டியூக் இவங்களோட வாசிக்க முடியாது இவங்களும் டியூக்கோட வாசிக்க முடியாது, பொருத்தமே இல்லாத சேர்க்கை, கம்பெனிக்காரங்க இப்படித்தான் இசையைக் கெடுக்குறாங்கங்குற அர்த்தத்துல திட்டித் தீத்துட்டாரு. மைல்ஸ் எலிங்டனை எவ்ளோ மதிச்சவருன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த மரியாதையிலதான் கோவம் வந்துருக்கு. அவரு காதுல விழுந்தது தப்பும் கிடையாது, பொருந்தலதான். ரோச் தாளத்தை முன்னாடி தள்றாரு, மிங்கஸ் அதை உடைக்குறாரு, எலிங்டன் தன் இஷ்டத்துக்கு எடம் விட்டு வாசிக்குறாரு. நான் மைல்ஸோட பிரியுற எடம் அடுத்த படி, பொருந்தணும்னு யாரு சொன்னது? நல்லா பொருந்துற ட்ரியோ ரெக்கார்டு எத்தனையோ இருக்கு, அந்த வருஷங்கள்ல மாசத்துக்கு ஒண்ணு வந்துச்சு, கேக்க சுகமா இருக்கும். இதுல மூணு பேருமே தன் பக்கத்தை விட்டுக் குடுக்காமலே ஒருத்தரை ஒருத்தர் கேக்குறாங்க, அது எவ்ளோ கஷ்டம்னு சேந்து வாசிச்ச யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

உரசல் நிஜமாவே இருந்துச்சு. ரெக்கார்டிங் நடுவுல மிங்கஸ் பாஸை எடுத்துட்டு கெளம்பிட்டாரு, ரோச் வாசிக்குறது புடிக்காமதான் போனாருன்னு சொல்றாங்க. பின்னாடியே போயி பேசி சமாதானப்படுத்தி திரும்ப உள்ள கூட்டிட்டு வந்தது எலிங்டன்தான். இதுலதான் எனக்கு அந்த பழைய பேண்ட் லீடர் தெரியுறாரு. முப்பத்தஞ்சு வருஷமா முரட்டு ஆளுங்களையும் குடிகாரங்களையும் ஒருத்தருக்கொருத்தர் மொகம் பாக்காதவங்களையும் ஒரே பஸ்ல ஊர் ஊரா கூட்டிட்டுப் போனவரு, அவருக்கு இது புதுசா என்ன.

மிங்கஸைப் பத்தி இன்னொண்ணு சொல்லணும். எலிங்டன் பேண்டுல 1939லேர்ந்து 1941 வரைக்கும் ஜிம்மி பிளாண்டன்னு ஒரு சின்னப் பையன் பாஸ் வாசிச்சாரு, பாஸை வெறும் தாளம் போடுற வாத்தியமா இல்லாம பேசுற வாத்தியமா மாத்துனவரு, எலிங்டன் அவரோட ரெண்டே பேரா உக்காந்து டூயட்கூட பதிவு பண்ணிருக்காரு. 1942ல காசநோயில செத்துட்டாரு, 23 வயசு. அவரு தொறந்த வழியிலதான் மிங்கஸ் வந்தாரு. அதனால எலிங்டனோட இடது கைக்கும் மிங்கஸோட பாஸுக்கும் நடுவுல நடக்குற பேச்சைக் கேக்குறப்ப, இருபது வருஷம் முன்னாடி பாதியில நின்னு போன பேச்சைத் திரும்ப எடுத்த மாதிரி எனக்குத் தோணும். அந்த 1940 டூயட்டுங்களையும் தேடிக் கேளுங்க.

இந்த மூணு பேரும் அதுக்கப்புறம் சேந்து ரெக்கார்டு பண்ணவே இல்ல. எலிங்டன் பேண்டுக்கே திரும்பிட்டாரு, அடுத்த வருஷமே அமெரிக்க வெளியுறவுத் துறை ஏற்பாட்டுல மொத்த பேண்டோட மத்திய கிழக்கு, இந்தியா, இலங்கைன்னு பெரிய டூர், மெட்ராஸ்லயும் கொழும்புலயும்கூட வாசிச்சிருக்காங்க, நவம்பர்ல கென்னடியைச் சுட்டதும் துருக்கியில டூரை நிறுத்திட்டாங்க.

2013ல டிரம்மர் டெரி லின் கேரிங்டன் இந்த முழு ஆல்பத்தையும் எடுத்து தன் வழியில திரும்பப் பண்ணாங்க, ஜெரால்ட் கிளேட்டன் பியானோ, கிறிஸ்டியன் மெக்பிரைட் பாஸ். அதுக்கு கிராமியும் கெடச்சுது, அந்தப் பிரிவுல ஒரு பெண் வாங்குன முதல் விருது அது. காசைப் பத்தின பேச்சை அவங்க இன்னும் வெளிப்படையாவே எடுத்துட்டு வந்துருக்காங்க. ஆனா மூலத்தைக் கேட்டுட்டு அதுக்குப் போங்க.

மூலம் கேக்குறவங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. 1963ல வந்த எல்பியில ஏழே பாட்டுதான். 1987ல ப்ளூ நோட் சிடியா கொண்டு வந்தப்ப அன்னிக்கு வாசிச்சு வெளியிடாம வச்சிருந்த மத்த பாட்டுங்களையும் சேத்து வரிசையையும் மாத்திட்டாங்க, இப்ப ஸ்ட்ரீமிங்ல பல எடத்துல கெடைக்குறது அந்த நீளமான வடிவம். அதுல வர்ற "எ லிட்டில் மேக்ஸ்" ரோச்சுக்காகவே செஞ்ச மாதிரி சின்ன அழகான பாட்டு, "பேக்வேர்ட் கண்ட்ரி பாய் ப்ளூஸ்"உம் விடக் கூடாது. இருந்தாலும் முதல் தடவை அந்த ஏழு பாட்டை மட்டும் எடுத்து ஒரு பிளேலிஸ்ட் போட்டுக்கங்க, மேல நான் எழுதிருக்குற வரிசையை நம்பாதீங்க, எல்பி வரிசை இதுதான்: மணி ஜங்கிள், ஃப்ளுரெட் ஆஃப்ரிகேன், வெரி ஸ்பெஷல், வார்ம் வேலி, விக் வைஸ், கேரவன், சாலிட்யூட். அது முடிஞ்சதும் ஒன்பது நாள் கழிச்சு கோல்ட்ரேனோட பண்ண "இன் எ சென்டிமென்டல் மூட்" போடுங்க, மிங்கஸோட மல்லுக்கட்டுன அதே கை அங்க எவ்ளோ கம்மியா வாசிக்குதுன்னு பாருங்க.